அவர் அழிக்காமல் விட்ட ஒலிப்பதிவு

யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மருதமுனையிலிருந்து பாண்டிருப்புக்கு ஒரு ஓட்டோவில் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். பக்கத்தில் முதலாம் வகுப்புப் படிக்கும் என் மகள். மடியில் பெட்டி, அதை மூடி ஒரு பழைய பெட்ஷீட். செக்பொயின்டில் நின்ற ஆமிக்காரன் பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தான். பார்க்கட்டும். உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியவா போகிறது?

உள்ளே இருந்தது என் கணவரின் குரல்.

சுனாமிக்கு முன்பு அவர் கல்முனைக் கடைத்தெருவில், ஒரு மாடியில், சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போவார்களே, அந்தக் குரல் பெரும்பாலும் அவருடையதுதான். கடல் வந்த அன்று நானும் கைக்குழந்தையும் ஊருக்கு மேற்கே தங்கை வீட்டில் இருந்தோம். அவர் கடற்கரைப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தார். வீடும் போனது, அவரும் போனார். கல்யாணப் படங்கள் இருந்த அல்பத்தைக்கூட அலை விட்டுவைக்கவில்லை. கடைத்தெருவுக்குத் தண்ணீர் வராததால் அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் தப்பியது. அவருடைய தம்பி அதைக் கொண்டுவந்து கணவனை இழந்தவளாக நான் வெளியே போகாமல் இத்தா இருந்த அறையின் மூலையில் வைத்துவிட்டுப் போனார். அதன் சுவிட்சைப் போட எனக்கு மனம் வரவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மகள் ஒருநாள் கேட்டாள்.

"உம்மா, வாப்பா எப்பிடிக் கதைப்பாரு?"

முகத்தையாவது இப்படி இருக்கும், அப்படி இருக்கும் என்று சொல்லலாம். குரலை எப்படிச் சொல்வது? அன்றுதான் சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலிஷில் ஏதோ வந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

கல்முனையில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் ஒரே பதில்.

"போமட் அடிக்கணும் ராத்தா."

"அடிச்சா உள்ள இரிக்கிற சாமானெல்லாம்?"

"அது போகும். ஆனா மெசின் புதுசு மாதிரி ஓடும்."

எனக்கு எதற்குப் புது மெசின்? வைரஸா, போமட். மெதுவாக ஓடுகிறதா, போமட். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். சுனாமிக்குப் பிறகு வீடு தேடி வந்து எனக்குப் புத்தி சொன்னவர்களும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். பழையதை மறந்துவிடு, புதிதாகத் தொடங்கு என்று. அவர்களையும் திட்டி அனுப்பினேன், கடைக்காரர்களையும் திட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாண்டிருப்பில் ஒரு தமிழ் ஆள் வீட்டோடு கடை வைத்திருக்கிறார், அவர் வேறு மாதிரிப் பார்ப்பார் என்று யாரோ சொன்னார்கள். தங்கைக்கு அது பிடிக்கவில்லை. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

"தமிழாக்கள்ர ஊருக்கு இந்த நேரத்துல ஏன் போறாய்?"

"நம்மட ஆக்கள் எல்லாத்தையும் அழிக்கப் பாக்காங்க. அவங்க இதுக்கு மேல என்ன செய்யப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடைக்காரர் பெருத்த ஆள், வாய் ஓயாதவர். நான் படியேறும்போதே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, கடல் கொண்டுபோன இவள்ர வாப்பாட குரல் இதுக்குள்ள இரிக்கு. போமட் எண்டு சொல்றதெண்டா இப்பவே சொல்லுங்க. தூக்கிட்டுப் போறன்."

"வந்ததும் சண்டையா தங்கச்சி? முதல்ல இரிங்க. மகளும் இரிங்க. உம்மா வீட்டிலயும் இப்பிடித்தானா?"

மகள் தலையை ஆட்டினாள். துரோகி.

அவர் பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார். மேசை லாச்சியை இழுத்து ஒரு சீடியை எடுத்தார். அதன் முகத்தில் மார்க்கர் பேனையால் ஏதோ கிறுக்கியிருந்தது. சீடி போடும் தட்டு வெளியே வர மறுத்தது. ஒரு கம்பியை நுழைத்து அதை இழுத்தெடுத்தார். சீடியைப் போட்டதும் பெட்டி பழைய லொறி மாதிரி உறுமியது. நெடுநேரம் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு திரை நீலமாக மாறி, நான் கண்டிராத படங்கள் வரிசையாக வந்து நின்றன.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "அழிச்சிட்டீங்களா? இது அவர்ர கம்ப்யூட்டர் இல்ல! எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க!"

"கத்தாதீங்க தங்கச்சி. ஒண்டிலயும் கை வெக்கல்ல. வீட்டுக்காரன் மயங்கிக் கிடக்கான், கதவு திறக்க ஆளில்ல. இந்த சீடி பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. பின்பக்கத்தால உள்ள போய் லைட்டப் போட்டிரிக்கு. அவ்வளவுதான். சாமான் இரிக்கிற இடத்திலதான் இரிக்கும்."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனார். ஓர் இடத்தில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாம் என் கணவர் வைத்த பெயர்கள். கடைத் திறப்புவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, காணாமல்போன மாடு. நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் ஒன்றைத் தொட்டார்.

"விளையாட்டு ரசிகர்களே! நாளை மாலை..."

அவ்வளவு தெளிவாக. அடுத்த அறையில் நின்று பேசுவதுபோல. மகள் எழுந்து கதவுப் பக்கம் பார்த்தாள்.

கடைக்காரர் ஸ்பீக்கருக்குக் கிட்டக் குனிந்தார். "இவரா? எங்கட கிளப்பு மெச்சுக்கும் இவர்ர குரல்தானே போட்ட. ஆளக் கண்டதில்ல. குரல் தெரியும்." பிறகு, "கடலுக்கு எங்கட வீட்டிலயும் ஆள் போச்சு" என்றார்.

ஒலிப்பதிவு நிற்கவில்லை. நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அறிவித்தல் நின்றது.

"இஞ்ச பாருங்க, மகளக் கொஞ்சம் வெளிய கொண்டு போங்களன். ரெக்கோடிங் போகுது."

"சோறு கொண்டு வந்தவளையும் துரத்துங்க! நீங்க அந்த மைக்கையே கலியாணம் முடிச்சிரிக்கலாம்!"

அது நான். அவருக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோன ஏதோ ஒரு நாள். அந்தச் சண்டை எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அதற்குப் பிறகு அவர் சிரித்தார். மைக்குக்கு முன்னால், வாய்விட்டு. அந்தச் சிரிப்பில் குழந்தை அழுகையை நிறுத்தியது. ஏதோ மழலையில் ஒரு சத்தம் போட்டது. பதிவு முடிந்தது.

"அழுறது ஆரு உம்மா?"

"நீதான்."

"வாப்பா என்னையா ஏசினாரு?"

"இல்ல. உம்மாதான் வாப்பாவுக்கு ஏசின."

"அப்பயும் இப்பிடித்தான்" என்றார் கடைக்காரர். மூன்று பேரும் சிரித்தோம். என் முகமெல்லாம் நனைந்திருந்தது. எனக்கு வெட்கமாகவும் இல்லை.

கடைக்காரர் எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வேறு சீடிகளில் பதிந்து மகளின் கையில் கொடுத்தார். தன் சீடியை வெளியே எடுத்ததும் திரை மறுபடியும் கறுத்துப்போனது. அதே வெள்ளை எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். இந்த இருட்டுக்குப் பின்னால்தான் இத்தனை வருடமாக அந்தச் சிரிப்பு இருந்திருக்கிறது. ஒரு சொல் குறையாமல், ஒரு பிசிறில்லாமல் இருந்திருக்கிறது. உள்ளே போய் விளக்குப் போட ஓர் ஆள் வராததுதான் குறை.

மகள் இப்போது பெரியவள். நல்லபடியாக முடிந்த அறிவித்தல்களை அவள் போடுவதே இல்லை, அவை ஊருக்காகச் சொன்னவை. அவள் கேட்பது அந்தக் கெட்டுப்போன பதிவைத்தான். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் அப்படிப்பட்டதை உடனே அழித்துவிடுவார்கள். அவர் ஏன் அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. ஆனால் எது பழுதாகிக் கிடந்தாலும், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் அதை அழிக்கச் சொல்கிறவனை அன்றிலிருந்து என் வீட்டு வாசற்படி ஏற நான் விட்டதில்லை.