முகாமுக்கு எடுத்த டியூஷன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாரோ கேள்வி கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அதற்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். பதினெட்டு வருடமாக வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படித்து யாரும் ஃபெயிலானதில்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு எங்கள் தெருமுனை வரை கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றாலும் மாடியில் டெஸ்ட் நடக்கும். நடந்தே வந்து எழுதட்டும், காலுக்கும் நல்லது என்பேன்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கணக்கே ஏறாத ஒரு மகள். டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்த வாரமே சொல்லிவிட்டார்கள். இப்போது பதினைந்து வயது. நாற்பத்தொன்பது வரை ஒழுங்காக எண்ணுவாள். அதற்குமேல் ஐம்பது வருமா, முப்பது வருமா என்பது அன்றைக்கு என்ன டிபன் என்பதைப் பொறுத்தது. டெஸ்ட் நடக்கும்போது அவள்தான் சூப்பர்வைசர். காப்பியடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் என்னிடம் சொல்லமாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளும் சேர்ந்து எட்டிப் பார்ப்பாள்.

ஒவ்வொரு வருடமும் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டை அவளிடம் காட்டிவிட்டுப் போவார்கள். அவளும் போட்டோவையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையாட்டுவாள். போன வருடம் யாருக்கும் தலையாட்டவில்லை. தனக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். பொம்மையோ புதுத் துணியோ கேட்டு அடம் பிடித்தவள் இல்லை. பரீட்சைக்காக அடம் பிடித்த ஒரே பிள்ளையை என் அனுபவத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்த வருடம் அவளும் பத்தாம் வகுப்பு என்பதால் அவள் படிக்கும் பள்ளியில் விசாரித்தேன். சொல்வதை எழுத ஓர் ஆள் தருவார்கள், கூடுதல் நேரமும் தருவார்கள், தாராளமாக எழுதட்டும் என்றார் சிறப்பாசிரியர். ஆனால் அதற்கு டாக்டரின் புதுச் சான்றிதழ் வேண்டும். சின்ன வயதில் வாங்கியது செல்லாது. அடுத்த மாதம் வேங்கிக்காலில் அதற்கென்றே மருத்துவ முகாம் போடுகிறார்கள், அதை விட்டால் இந்த வருடம் விண்ணப்பிக்க முடியாது என்றார்.

முகாமில் கேள்வி கேட்பார்கள் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், என் வியாதி வந்துவிட்டது. முன்பே போய்வந்த ஓர் அம்மாவைப் பிடித்து என்னென்ன கேட்டார்கள் என்று குறித்துக்கொண்டேன். உன் பெயர் என்ன, அப்பாவுக்கு என்ன வேலை, இன்று என்ன கிழமை, மாட்டுக்கு எத்தனை கால். இரண்டு பக்கத்துக்கு வினா விடை தயார். இருபது நாள், காலையும் மாலையும் பாடம். என் கணவர் ஒருநாள் வாசற்படியில் நின்று பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்தார். நடுவில் பேசாதீர்கள் என்றேன். காபியோடு திரும்பிப் போய்விட்டார்.

முகாமில் எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. நடுவயதில் ஒரு டாக்டரம்மா. பெயர் கேட்டார், இனிஷியலோடு சொன்னாள். கிழமை கேட்டார், சொன்னாள். அடுத்ததைக் கேட்பதற்குள், "மாட்டுக்கு நாலு காலு" என்று முந்திக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா பதில் சொல்லுதேம்மா. இதுக்கு எழுதறதுக்கு ஆளு எதுக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாஸானால் கிடைக்காத ஒன்றுக்கு இருபது நாள் கோச்சிங் கொடுத்து என் பெண்ணைப் பாஸாக்கி வைத்திருக்கிறேன். வேறு வழியில்லாமல், வினாத்தாள் முன்கூட்டியே வெளியான கதையை அங்கேயே ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளுக்குத் தானாகச் செய்ய என்னென்ன வராது என்று என்னையே சொல்லச் சொன்னார்.

என் வாய்க்குப் பயந்து எங்கள் தெருவில் வண்டியைக் குறுக்கே நிறுத்தமாட்டார்கள். அந்த வாய் திறக்கவில்லை. பதினைந்து வருடமாக யார் எது வராது என்றாலும் வரும் என்று சண்டை போட்டிருக்கிறேன். நாத்தனாரிடம், பஸ் கண்டக்டரிடம், கிரிவலப் பாதையில் நிறுத்தி இலவசமாகப் பரிகாரம் சொன்னவர்களிடம். இப்போது நானே சொல்லவேண்டும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சொல்லாவிட்டால் அவள் பரீட்சை எழுத முடியாது. எனக்கு அவமானமாகவும் அழுகையாகவும் வந்தது.

அவள்தான் என் கையைத் தட்டினாள். "சொல்லும்மா. ஜடை பின்ன வராது. அதச் சொல்லு."

"ஆமாங்க" என்றேன்.

"மணி பாக்க வராது. கோட்டு மேல எழுத வராது, கீழ வந்துடும்."

ஓட்டலில் என்ன இருக்கிறது என்று சர்வர் ஒப்பிப்பதுபோல விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். துளி வருத்தம் இல்லை. தனியாக ரோடு தாண்டுவது, செருப்பில் வார் மாட்டுவது, கேட்ட பாடத்தை மறுநாள் ஞாபகம் வைப்பது. ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாங்க போட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். எழுத ஆள் தேவை என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

அடுத்தது என் முறை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். டாக்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மாக்கு சைக்கிள் வராதுங்க."

பின்னால் கணவர் இருமினார்.

"கோவம் வந்தா நிறுத்த வராது. ரொம்ப ஜாஸ்தி."

இருமல் பலமானது. சைக்கிள் ஏதோ ஓட்டுவேன், கோபம்கூட இப்போது குறைந்துவிட்டது என்று சொல்ல நான் நிமிர்ந்தேன். அவள் இன்னொரு விரலை மடக்கினாள்.

"நான் அத்தை வீட்டுக்குப் போனா அம்மாக்கு சாப்ட வராது. தட்டுல போட்டு அப்படியே வெச்சிடும். அப்பா சொன்னாரு."

டாக்டர் மூடிய பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.