நீடில் பாலிசியும் ஜெசிந்தா அக்காவின் இன்சுலின் பேனாவும்

1. கேன்டீன்

ஜெசிந்தா அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை தட்டில் சொட்டியது. வீரபாண்டி பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெடிக்கல் ரூம் நர்ஸ். அன்று பையர் ஆடிட், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களின் சோதனை. மெடிக்கல் ரூமைப் பூட்டச் சொல்லிவிட்டு, காலை முழுக்க என்னை ஆடிட்காரர்களோடு முதலுதவிப் பெட்டிகளைக் காட்டிக்கொண்டு அலையவிட்டிருந்தார்கள்.

“அக்கா, இன்சுலின் போட்டீங்களா?”

“போட்டேன் சிஸ்டர். பேனாவுக்கு ஊசி இல்ல. பையில பழைய சிரிஞ்சு ஒண்ணு கெடந்துச்சு. பேனாவுல குத்தி, பதினாறு கோடு பாத்துத்தான் இழுத்தேன். அதே மருந்துதான?”

சர்க்கரை பார்த்தேன், நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. நினைவு இருக்கும்போதே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்தேன்.

2. ஊசி எங்கே போனது

தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு துணியோடு போனாலும் ஒரு குழந்தைக்குக் குத்தும். இதுதான் நீடில் பாலிசி, நல்ல விதிதான். சூப்பர்வைசர் சிவகுமார் அதை எங்கே பயன்படுத்தினார் என்பதுதான் பிரச்சினை. செக்கிங் செக்ஷனில் அக்காவிடம் இருந்த பென் நீடில்களை, அதாவது இன்சுலின் பேனாவின் முனையில் மாட்டும் ஊசிகளை, காலையிலேயே வாங்கி, உடைந்த ஊசிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

“ஊசின்னா ஊசிதானுங்க சிஸ்டர். ஆடிட் முடிஞ்சதும் குடுத்தர்றேன்னு சொன்னனுங்க. பேனாவ நான் தொடவே இல்லீங்களே!”

ஊசி இல்லாத பேனாவை வைத்துக்கொண்டு அக்கா கையெழுத்தா போடுவார்?

“வண்டிய வரச் சொல்லுங்க.”

“ஆடிட்காரங்க கேட்டுக்கு முன்னாடி நிக்கறாங்களே...”

“அவங்களையும் ஏத்திட்டுப் போலாங்க. வண்டியச் சொல்லுங்க.”

வண்டி வந்தது. கேட்டில் செக்யூரிட்டி கேட்பாஸ் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

3. எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது

அ. பாட்டில் இன்சுலின் இங்கே பெரும்பாலும் மில்லிக்கு நாற்பது யூனிட். அக்காவின் பழைய சிரிஞ்சில் இருந்த கோடுகள் அந்தப் பாட்டிலுக்குப் போட்டவை. பேனாவுக்குள் இருப்பது மில்லிக்கு நூறு. அக்கா பதினாறு என்று நினைத்து இழுத்ததில் உள்ளே போனது நாற்பது யூனிட். பேனாவிலிருந்து சிரிஞ்சால் எடுக்கவே கூடாது.

ஆ. சிரிஞ்சில் கோடு பார்த்து இழுக்கிறோம். பேனாவில் எண்ணைத் திருகி வைக்கிறோம். பார்வை மங்கியவர்களுக்குப் பேனா சௌகரியம். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு யூனிட் வெளியே தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குத்தி அழுத்தியதும் பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாது.

இ. பென் நீடில் தையல் ஊசி அல்ல. உடையும்வரை ஓட்டுவதற்கில்லை. ஒரு தடவைக்கு ஒன்று. போட்டதும் கழற்றிவிட வேண்டும். பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்று ஏறும்.

இதைப் பேனா கொடுத்த நாளிலேயே அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன். சிவகுமாருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

4. அக்கா திரும்பி வந்த நாள்

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, மறுநாள்தான் அனுப்பினார்கள். அடுத்த வாரம் வேலைக்கு வந்தவர் நேராக சிவகுமாரிடம் போனார்.

“சார், எங்கிட்ட வாங்குன ஊசியெல்லாம் தாரியளா?”

“மன்னிச்சுக்கோங்க்கா. ஆடிட் நல்லபடியா முடிஞ்சதுங்க. ஊசிக் கணக்கு அப்படியே சரியா இருந்துச்சு.”

“இருக்கும் சார். ஆள் கணக்குலதான் ஒண்ணு கொறைஞ்சிருக்கும்.”

செக்கிங் டேபிள் மொத்தமும் கையை நிறுத்தியது. சிவகுமார் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

இப்போது பென் நீடில்கள் மெடிக்கல் ரூமில் இருக்கின்றன. பழையதைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டால் புதியது தருகிறேன். அதே நீடில் பாலிசிதான். ஆடிட் நாளில் ரூமைப் பூட்டச் சொன்னால் மட்டும் சாவியைத் தருவதில்லை. புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களே, நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்தாதீர்கள். அவர் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கக்கூடியவர் யாரோ, அவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.