பாங்கு நேரத்தில் விழுந்த கணினி

பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் எங்கள் அலுவலகக் கணினியைக் கொல்கிறது என்று முழுதாக ஒரு வாரம் நம்பினேன். எண்பதுகளின் பின்பாதி அது. கல்முனைப் பக்கத்தில் யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு நானே பட்டம் சூட்டியிருந்தேன். மறுக்க வேறு ஆள் இல்லாததால் அது நிலைத்தும் விட்டது. ளுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிப் பத்து நிமிடம் போகாது, கணினி விழும். திரையில் பதற்றத்தைச் சொல்லும் ‘பானிக்’ என்ற ஆங்கிலச் சொல், கீழே இரண்டு வரி எண்கள், பிறகு அசைவே இருக்காது. எல்லாவற்றையும் ஓட்டுகிற கேர்னல் என்ற அடிப்படை நிரல், இனி ஓரடி வைத்தாலும் ஆபத்து என்று கண்டு தானே நின்றுவிடுவதன் அடையாளம் அது. கேர்னல் பதறிய பிறகு நின்றது. நான் பதறினேன், நிற்கவில்லை. சிகரெட் பெட்டிகளின் ஈயத்தாளைப் பொறுக்கி, ஒலிபெருக்கியின் மின் இரைச்சல் ஏறாமல் வயர்களுக்குச் சுற்றினேன். அதுவும் போதாமல் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போனேன்.

“ளுஹருக்கு மட்டும் சத்தத்தக் கொஞ்சம் குறைக்க ஏலுமா?”

“ஏன் தம்பி, ஊட்டுல ஆருக்கும் சுகமில்லயா?”

“இல்ல, எங்கட கொம்பியூட்டருக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஓதித் தண்ணி தாறன். தெளிச்சிப் பாருங்க.” போத்தலை வாங்கிக்கொண்டேன். இயந்திரத்தில் தெளிக்கவில்லை, அந்த வாரம் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான்.

அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல என்னைப் பற்றியே அளந்துகொண்டிருக்கிறேன். சாய்ந்தமருதுக்காரர்; அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளைச் சட்டையின் கைகளை மணிக்கட்டுவரை பூட்டியே இருப்பார். அந்த வருடம் வெள்ளத்தில் விதைப்பு அழிந்த விவசாயிகளுக்கு விதைநெல் கொடுக்க மேலிடத்தில் ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள். யாருடைய பெயர் பட்டியலில் உண்டோ அவருக்கு நெல். பெயர் இல்லாவிட்டால் அந்தப் பெரும்போகம் வயல் தரிசு. நான்கு எழுத்தர்களை நான்கு திரைகளுக்கு முன் இருத்தி, ஊர் ஊராகப் பதியவைத்தார் பெரிய கிளாக்கர். கடைசியாகப் பதிந்தது சாகாமம். எழும்புமுன் செய்ததைச் சேமிக்கவேண்டும் என்று நான் ஒருமுறை சொன்னதை அவர் சட்டமாகவே ஆக்கிவிட்டார். பாங்கு கேட்டதும் எழுந்து நின்று, “எல்லாரும் சேவ் பண்ணிட்டு வாங்க” என்பார். தன் திரையில் முழுப் பட்டியலையும் அகரவரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்துவிட்டே, தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போவார். “நாம தொழுதுட்டு வாறத்துக்குள்ள அது அதிட வேலய முடிச்சிரும்” என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குத்தான். நானே மெச்சியிருக்கிறேன்.

ஒலிபெருக்கி குற்றவாளியல்ல என்று பிறகு நிரூபித்தது மின்வெட்டு. ஒருநாள் மின்கம்பியில் மரம் விழுந்து பள்ளிவாசல் பக்கம் மின்சாரம் இல்லை. மோதினார் வெறுந்தொண்டையால் பாங்கு சொன்னார். எங்கள் பக்கம் மின்சாரம் இருந்தது, கணினியும் நேரம் தவறாமல் விழுந்தது. அதன்பிறகு நினைவக அட்டைகளைச் சந்தேகித்தேன். கழற்றினேன், அழிறப்பரால் தேய்த்தேன், இடம் மாற்றிச் செருகினேன். பிறகு, வன்தட்டோடு பேசும் ட்ரைவர் நிரலைத் திட்டினேன். ஒவ்வொரு முறை விழுந்து எழும்போதும் பழுதுபார்க்கும் நிரல் ஒன்று ஓடி, இந்தக் கோப்பு பழுது, அழிக்கவா என்று கேட்கும். முதலில் வாசித்துப் பதில் சொன்னேன். கேள்விகள் திரை நிறைய வரத் தொடங்கியதும் வாசிக்காமலே ஓம், ஓம், ஓம் என்று அடித்துத் தள்ளினேன். கலியாணத்தில்கூட நான் ஒருமுறைதான் சம்மதம் சொன்னேன்.

அப்படி ஓம் அடிக்கத் தொடங்கிய நான்காம் நாள் பெரிய கிளாக்கர் பின்னால் வந்து நின்றார். “தம்பி, சாகாமம் எங்க?”

“இருக்கும் காக்கா, தேடுறன்.”

“கடதாசியில படிவம் இருந்தாலும் பறுவாயில்ல” என்றவர் பாதியில் நிறுத்தினார். கணினி வந்த பிறகும் கடதாசி அடுக்கி வைப்பதா என்று அவரைக் கேலி செய்து, பதிந்து முடித்த படிவங்களைக் கச்சான் கடலைக்காரருக்குச் சுருள் சுற்றக் கொடுக்கவைத்தவன் நான். நகல் வைத்திருந்த பிளாப்பிகளைப் போட்டுப் பார்த்தோம். வியாழன்தோறும் அதே பிளாப்பிகளில் பழையதன்மேல் புதியதை எழுதியதால், அவற்றிலும் பழுதானதே இருந்தது.

பட்டியல் அனுப்பவேண்டிய நாளுக்கு முதல்நாள் சாகாமத்திலிருந்து வட்டவிதானையார் வந்தார்; வாய்க்காலில் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு அவருடையது. வாங்குப் பலகையில் உட்காரவே இல்லை. “எங்கட ஆக்கள்ற பேர் போயிற்றா?”

“இருந்தது. இப்ப இல்ல” என்றார் பெரிய கிளாக்கர்.

“திரும்ப எழுதித் தரட்டா?”

“எழுதலாம். ஆனா ஆள் ஆளா வந்து ஒப்பம் வெக்கணும், காணி உறுதிப் பத்திரம் காட்டணும். நாளைக்குள்ள ஏலாது.”

வட்டவிதானையார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அந்தப் பெட்டிக்குச் சோறு தண்ணி இல்லத்தானே, அதுக்கென்ன” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் போகம் சாகாமத்துக்கு விதைநெல் போகவில்லை.

மேலிடம் அறிக்கை கேட்டது. எழுதக்கூடிய ஒரே ஆள் நான். எல்லோரும் ஒரே நேரத்தில் சேமித்ததாலும், அதே நேரத்தில் முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்தியதாலும் கணினி தாங்கவில்லை என்று எழுதினேன். வாசிக்க ஞாயமாகத்தான் இருந்தது. பெரிய கிளாக்கரை வேலைமுறை மீறியவர் என்று மலைநாட்டுக்கு மாற்றினார்கள். போகும் நாளில் என் மேசைக்கு வந்து, “நான் வரிசப்படுத்தாம உட்டிருந்தா சாகாமம் தப்பியிருக்கும், என்ன தம்பி?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அங்கே குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வுபெறும் வரை ஊருக்கு மாற்றமும் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகும், சந்தையில் சாகாமத்து ஆட்களைக் கண்டால் பாதை மாறிப் போவார் என்று அவருடைய மகன் சொன்னான். அவர் இறந்தபோது ஜனாஸாவுக்குப் போனேன், பின் வரிசையில் நின்று தொழுதேன். இன்றும் ஆட்களைச் சிரிக்கவைக்க மோதினார் கதையைச் சொல்வேன். இந்தப் பகுதியைச் சொன்னதில்லை.

அவர் மாற்றலாகி இரண்டு மாதத்துக்குப் பிறகு, வேறு வேலையாக இயந்திரத்தின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ளுஹர் நேரத்துப்போல எல்லா வேலையும் ஒன்றாக வந்து நினைவகம் நிரம்பினால் கேர்னல் தன் சுமையில் கொஞ்சத்தை வன்தட்டின் ஒரு மூலையில் இறக்கிவைக்கும். அந்த மூலை எங்கே தொடங்குகிறது என்பதை ஆள்தான் எண்ணாகக் கொடுக்கவேண்டும். பட்டியல் வேலை தொடங்குவதற்கு முன் பழைய வன்தட்டு உப்புக்காற்றில் பழுதாகி, அளவில் பெரிதான புதியதைப் பூட்டியிருந்தோம். பூட்டியவன் நான். கோப்புகளுக்கான பகுதி பழைய எண்ணையும் தாண்டி நீண்டிருந்தும் எண்ணை மாற்றவில்லை. அதனால் கேர்னல் தன் சுமையை இறக்கிய இடம் கோப்புகளுக்குரிய பகுதியின் கடைசி. சாகாமத்தின் பெயர்கள் இருந்த இடம். பெரிய கிளாக்கர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. எண் சரியாக இருந்திருந்தால் அவர்கள் தொழுதுவிட்டு வருவதற்குள் அது தன் வேலையை முடித்திருக்கும்.