கைவைத்துப் பார்க்காத ஒரு டின் சாம்பல்

குப்பைக் கிடங்கின் வாசலில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை எல்லாரும் "சட்டம்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தகரப் பலகையில் பதினொரு விதிகள் எழுதியிருந்தன. வெள்ளைக் கண்ணாடி தனி, கலர்க் கண்ணாடி தனி. பாட்டரி நீல டிரம்மில். பெயிண்ட் டப்பா காய்ந்த பிறகுதான். ஊசியும் பிளேடும் மூடி போட்ட கெட்டிப் பாட்டிலில். விதிகளை எழுதியது அலுவலகம். ஒவ்வொரு விதியும் யாருடைய கை கிழிந்து, யாருடைய கண் எரிந்து வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"குப்பையைக் கொட்ட வந்தா கூண்டுல ஏத்தின மாதிரி கேள்வி கேக்குறீங்களே" என்று தையற்காரம்மா ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

"உங்க ஊசி உள்ள பிரிக்கிறவங்க கையில ஏறாம இருந்தா நான் ஏம்மா கேக்கப்போறேன்? மூட்டையை அவிழுங்க."

எட்டாவது விதி சாம்பலுக்கு. 'சாம்பல் ஆறியிருக்க வேண்டும்.' அவ்வளவுதான் பலகையில். ஆனால் சாம்பலைப்போல ஏமாற்றுகிற பொருள் உலகத்தில் இல்லை. மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். அடியில் கொட்டைப்பாக்கு அளவு கங்கு இரண்டு நாளைக்கு உயிரோடு கிடக்கும். அதனால் அவர் சட்டையை முழங்கைக்குமேல் சுருட்டிக்கொண்டு டின்னுக்குள் கையைவிட்டு அடிவரை துழாவுவார். சூடு இல்லையென்றால் டின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு போட்ட சாம்பலை அன்றைய குப்பைமேல் பரப்புவார்கள். நாற்றமும் ஈயும் அடங்கும். கோடு இல்லாதது மூலையில் இருக்கும் சிமெண்டுத் தொட்டிக்குப் போகும், மேலே நான்கு குடம் தண்ணீரோடு.

பரப்புகிற வேலை புல்டோசர் ஓட்டுகிறவனுக்கு. அவன் வாயில் சிகரெட் அணைந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவன் பெயர் இஞ்சின். "அண்ணே, நீங்க கோடு போட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு பிளேடை இறக்கிடுவேன்" என்பான். "கண்ணைத் திறந்துக்கிட்டே இறக்குடா, மேட்டுலேருந்து உருண்டுராத" என்பார் இவர்.

அவருக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை. தாய் தகப்பன் சீக்கிரம் போனதில், கைக்குழந்தையாக இருந்த தங்கை அவர் இடுப்புக்கு வந்தாள். அவளை வளர்த்து, ரொட்டி பேக்கரி வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று கடவுளுக்கு நன்றி சொன்னார். முடியவில்லை. அந்த வருஷம் மழை தொடங்கும்போது தங்கை ஒரு பையோடு வந்து நின்றாள். நாலு மாசம் இருந்தாள். இவர் எத்தனை தடவை அந்த பேக்கரிக் கவுண்டருக்கு முன்னால் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் மாப்பிள்ளை மனமிறங்கி அழைத்துக்கொண்டு போனார்.

அதற்கு மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை பத்து மணி. வாசலில் பதினைந்து பேர் வரிசை. பேக்கரிச் சாம்பலை எப்போதும் வேலையாள்தான் கொண்டுவருவான். அன்று அவன் வரவில்லையென்று மாப்பிள்ளையே தள்ளுவண்டியில் டின்னை ஏற்றிக்கொண்டு வந்தார். இவர் எழுந்து, "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிச் சட்டையைச் சுருட்டினார்.

"என்ன மச்சான் இது? என் டின்னுலயுமா?"

"எல்லாருக்கும் பாக்குறதுதான் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "பாருங்கப்பா! தங்கச்சியைத் திரும்ப வச்சுக்கோங்கன்னு என் கால்ல விழாத குறையா நின்னப்ப நான் நல்லவன். ஒரு டின் சாம்பல்ல மட்டும் என்மேல நம்பிக்கை கிடையாது!"

வரிசை சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "சட்டம் மாப்பிள்ளைக்கு முன்னால வளையுதான்னு பாப்போம்டோய்" என்றார்கள். தங்கை நாலு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கோலம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். சாக்பீஸை எடுத்து ஒரு கோடு போட்டார்.

உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்ளும் நேரம்தான் ஆகியிருக்கும். மனிதன் சறுக்குவதற்கு அவ்வளவு நேரமே போதும்.

அந்த டின்னின் அடியில் கிடந்த நெருப்பு மேலே வரவில்லை. கந்தல், காகிதம், மரத்தூள் என்று கிடைத்ததைத் தின்றுகொண்டு மேட்டுக்குள்ளேயே போயிற்று. நாலாம் நாள் கிழக்கு ஓரத்தில் லேசாகப் புகைந்தது. ஈரக் குப்பை காலையில் ஆவி விடுவது வழக்கம்தானே என்று இவர் உட்பட யாரும் அக்கறைப்படவில்லை. பதினோராம் நாள் புல்டோசரின் ஒரு பக்கச் சங்கிலிக்கு அடியில் தரை பொடிந்து உள்வாங்கியது. வண்டி சாய்ந்தது. இஞ்சின் குதித்தான். குதித்த இடம் வெறும் மேலோடு; அதற்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குக் கங்கு.

அவனை இழுத்து வெளியே போட்டவர்களில் இவரும் ஒருவர். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் ஒரு தாளோடு வாசலுக்கு வந்தார்.

"அவன் சிகரெட்டாலதான் பத்தியிருக்கு. நீங்க தினம் பாக்குறவரு. சாட்சின்னு கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க பெரியவரே."

"போட்டா அவனுக்கு என்ன சார் ஆகும்?"

"வேலை போகும். அவன் தப்புன்னா ஆஸ்பத்திரிச் செலவை ஆபீஸ் பாக்காது. நாம என்ன பண்ண முடியும்?"

"நாளைக்குப் போடுறேன் சார்."

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனார். இஞ்சின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "அண்ணே, யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். எந்தத் துண்டை அணைக்காமப் போட்டேன்னு ஞாபகமே வரமாட்டேங்குது. நானேதானே வச்சுக்கிட்டேன் இதை?" என்றான். இவர் போர்வையை அவன் மார்புவரை இழுத்துவிட்டார். எழுந்து வந்துவிட்டார்.

வந்த கால் பேக்கரியின் பின்கட்டுக்கு நடந்தது. தங்கை மாவுத் தட்டுகளைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முன்னால் கடையில் இருந்தார்.

"அந்தச் சனிக்கிழமை சாம்பல் எப்ப அள்ளினதும்மா?"

அவள் கை நின்றது. "அன்னைக்குக் காலையிலதான். பெரிய ஆர்டர், அடுப்பைச் சீக்கிரம் காலி பண்ணணும்னு அவரு அவசரப்பட்டாரு. சூடா இருக்கு, நாளைக்குக் கொண்டுபோகலாம்னு நான் சொன்னேன்ணா."

"அப்புறம் ஏன் விட்டே?"

"நீதான் கையை விட்டுப் பாப்பியே, தொட்டிக்கு அனுப்பிடுவியேன்னுதான் விட்டேன்."

அவர் கொடியில் தொங்கிய சாக்குகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளே மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லப்போறியாண்ணா?"

"அவன் தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டுக் கிடக்குறான்மா."

"நீ சொன்னா இவரு என்னை வாசப்படில நிக்கவிடமாட்டாரு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவள் "சொல்லாதே" என்று சொல்லவில்லை. "சொல்லு" என்றும் சொல்லவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிரவு அவர் கடவுளிடம் வழி கேட்கவில்லை. வழி தெரிந்துதான் இருந்தது. அதில் நடக்கக் கால்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் நின்று, பார்க்காமல் கோடு போட்டதைச் சொன்னார். யாருடைய டின் என்றும் சொன்னார்.

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். "உங்களுக்கென்ன கிறுக்கா? இன்னும் ரெண்டு வருஷத்துல மரியாதையா வீட்டுக்குப் போகப்போற மனுஷன்! யாரு கேட்டா உங்களை?"

"நீங்கதான் சார் கையெழுத்துக் கேட்டீங்க."

அதற்குப்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. அவர் வேலை அன்றே போயிற்று. பேக்கரிக்கு ஆள் வந்து அடுப்பைப் பூட்டி சீல் வைத்தார்கள். சாயங்காலமே தங்கை அதே பையோடு வந்துவிட்டாள். சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், பேசவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்து போனாள்.

ஆஸ்பத்திரிச் செலவை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அதை இஞ்சினுக்கு யார் சொன்னார்களோ, பார்க்காமல் போட்ட கோட்டைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். இவர் போனபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். திட்டினாலாவது மேல் என்று இருந்தது. அவன் திட்டவும் இல்லை.

ஆறாம் நாள் இவர் உட்கார்ந்ததும் அவன் கூரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தான்.

"அந்த ஜன்னலைச் சாத்துங்க. புகை வருது."

கிடங்கு இன்னும் உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் எழுந்துபோய்ச் சாத்தினார். கொக்கி துருப்பிடித்திருந்தது, சரியாக விழவில்லை. மறுபடி திறந்துகொள்ளாமல் இருக்க, பார்வையாளர் நேரம் முடிகிறவரை ஜன்னலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.