மெமரியில் மிச்சம் இருந்தவர்கள்

கெர்னல் வேலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் நம்மை ஒருவருக்கும் தெரியாது. ஏதாவது பிசகினால் மட்டும், மெஷினில் பேய் இருக்கிறது என்று போன் வரும்.

இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் அப்படிப்பட்ட போன்கள் வந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் என்றால் மேஜைமேல் இருப்பது மட்டுமில்லை. எடைமெஷின், டோக்கன் கூப்பிடும் பெட்டி, ஸ்பீக்கர், ஆஸ்பத்திரி மானிட்டர் எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியாழத்தில் ஓடும் புரோகிராம்தான் கெர்னல். எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி, யார் எப்போது காலி செய்ய வேண்டும், கேமராவும் மைக்கும் எங்கே எழுதலாம் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும்.

பாறசாலையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். போர்டு, சிப், வயர் எல்லாம் சிவதாணு அண்ணன் பொறுப்பு. கெர்னல் என் பொறுப்பு. என் பெயர் ஷைனி. பேய் பிடித்ததாகச் சொல்லும் இடங்களுக்கு இருவரும் சேர்ந்தேதான் போவோம். தனியாகப் போக இரண்டு பேருக்குமே பயம்.

முதுகு

வெள்ளறடைக்கு மேலே ரப்பர் பாலை எடைபோட்டு வாங்கும் ஒரு இடம். லீலா என்கிற பெண் அங்கே எடை பார்க்கிறாள். அவள் முன்னால் எடை காட்டும் ஸ்கிரீன். அவளுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே, முற்றத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா. இரண்டையும் எங்கள் ஒரே பெட்டிதான் ஓட்டியது. ஒருநாள் காலையில் பால் வாளியைத் தட்டில் வைத்ததும் எண் வரவேண்டிய இடத்தில் எண் வரவில்லை. ஒரு பெண்ணின் முதுகு வந்தது. கொண்டை, நைட்டிக்கு மேலே போட்ட பழைய ஆண்பிள்ளைச் சட்டை, முன்னால் ஒரு பால் வாளி. அது தன் முதுகுதான் என்று லீலாவுக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் வாளியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டாள். அதற்கப்புறம் அந்த அறைக்குள் தனியாகப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

காரணம் எளிது. எடைக்காகக் கேமராவை நிறுத்தச் சொன்னவுடனே, அது பயன்படுத்திய மெமரியை கெர்னல் எடுத்து ஸ்கிரீனுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் கேமரா சிப் உண்மையில் நிற்கவில்லை. கையில் மிச்சமிருந்த படங்களைப் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. அந்த இடம் இப்போது ஸ்கிரீனுடையது என்பது அதற்குத் தெரியாது. "நான் நின்றுவிட்டேன்" என்று சிப் தானே சொல்லும்வரை மெமரியைத் திரும்ப எடுக்காதபடி மாற்றினேன். சிவதாணு அண்ணன் சிப்பைப் பலமுறை நிறுத்தி நிறுத்திச் சோதித்தார். பிறகு லீலாவை உட்காரவைத்து, "நீ பாத்தது கொஞ்சம் முன்னால எடுத்த படம், வேற ஒண்ணுமில்ல" என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் புரிந்தது என்று தலையாட்டினாள். நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது பின்னாலேயே வந்து ஒன்று சொன்னாள்.

"எல்லாம் சரிதான் மேடம், ஆனா அதுல நான் திரும்பிப் பாத்தேன், இங்க நான் ஓடுறவரைக்கும் திரும்பவே இல்ல."

வா

உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் ஒரு பழைய மிஷன் சபை. கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வசதியாக, பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை எங்களிடம் வாங்கியிருந்தார்கள். ஒரு மத்தியான அடக்க ஆராதனை. சவப்பெட்டி பாதிக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. போதகர் ஜெபத்தில் "வாஞ்சை" என்று சொல்ல வாயெடுத்தார். ஸ்பீக்கர் "வா" என்றது. திரும்பவும் "வா". போதகர் மைக்கை அணைத்தார், "வா". சபையில் மணியடிக்கும் கோயில்குட்டி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். உள்ளே பேட்டரி இருக்கிறதே, "வா, வா, வா". கயிறு பிடித்திருந்தவர்கள் விடவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் நின்றார்களாம்.

கெர்னல் அந்த நேரம் பார்த்துச் சிதறிக் கிடந்த மெமரியை ஒதுக்கி அடுக்கப் போயிருந்தது. அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. சத்தத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் புரோகிராம் அதுவரை காத்துக் கிடந்தது. சவுண்ட் சிப் காத்திருக்காது. கையில் கடைசியாக எது இருந்ததோ அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். இனி புதிய சத்தம் வராவிட்டால் மௌனத்தை வாசி என்று எழுதி வைத்தேன். ஐந்தாறு வரிதான். இறந்தவரின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஸ்பீக்கர் அப்படிக் கூப்பிட்டபோது என்னதான் செய்தீர்கள் என்று போதகரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"யாரக் கூப்பிடுகுண்ணு தெரியல்ல பாத்தியளா, அதனால ஒருத்தரும் முன்னால போகல்ல."

செல்லத்தாய்

நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு கிளினிக். நர்ஸ் உள்ளேயிருந்து மைக்கில் பெயரைச் சொல்வாள். எங்கள் பெட்டி அதைப் பிடித்து வைத்து, வெளியே ஹாலில் ஒன்றுக்கு இரண்டுமுறை சொல்லும். ஒருநாள் அந்த நர்ஸ் போன் செய்தாள். "நான் கூப்பிடாத ஆள எனக்க குரலிலேயே கூப்பிடுகு மேடம். அந்த அம்மா மரிச்சுப் போயி ஒரு மாசம் ஆச்சு" என்றாள். முதல்முறை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம்முறை ஹாலில் அந்த அம்மாவின் தெருக்காரர்கள் இருந்தார்கள். எழுந்து போய்விட்டார்கள். கிளினிக்கில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. டாக்டர் நல்ல மனிதர்; எங்களைத் திட்டவில்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று மட்டும் கெஞ்சினார்.

எனக்குக் கேட்டவுடனே சந்தேகம் வந்தது. ஒரு புரோகிராம் காலி செய்த மெமரியை இன்னொன்றுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கெர்னல் அதைச் சுத்தமாக அழித்துவிட வேண்டும். அழிக்க நேரம் பிடிக்கும். வேகத்துக்காக யாரோ எப்போதோ ஒரு குறுக்குவழி போட்டிருந்தார்கள்; சவுண்டுக்குக் கொடுக்கும் மெமரியை மட்டும் அழிக்க வேண்டாம் என்று. கிளினிக் பெட்டியை ஒருபோதும் அணைப்பதில்லை, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் உண்டு. அந்த அம்மாவை நர்ஸ் கடைசியாகக் கூப்பிட்ட சத்தம் மெமரியின் ஏதோ ஒரு மூலையில் அப்படியே கிடந்திருக்கிறது. அந்த மூலை மறுபடி சவுண்டின் கைக்கு வரும்போது, புதிய சத்தம் வந்து சேருவதற்குள் பழையது முந்திக்கொள்கிறது.

சந்தேகம் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். லேப்டாப்பைப் பெட்டியில் மாட்டிக்கொண்டு ஹாலின் மூலையில் உட்கார்ந்தேன். ஒருநாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பத்துமணி வெயிலில் ஹால் நிறைய ஆட்கள். என் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், சர்க்கரை பார்க்க வந்தவர், பெயர் பொன்னையன் என்றார்; முன்பெல்லாம் மனைவியோடுதான் வருவாராம். மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கர் திறந்தது. "செல்லத்தாய், உள்ள வாங்க." தெளிவாக, அன்பாக, நர்ஸின் குரல். நர்ஸ் அப்போது வாசலில் நின்று ஒரு பிள்ளைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. இரண்டாவது முறையும் சொன்னது. டாக்டர் அறைக் கதவு காற்றில் மெதுவாகத் திறந்தது. நான் லேப்டாப்பைப் பார்க்கவே மறந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பொன்னையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஸ்பீக்கரைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவ வரமாட்டா, அடுத்த ஆளக் கூப்பிடுங்க."

சிவதாணு அண்ணன் முகம்

கிளினிக் பெட்டியைச் சரிசெய்த பிறகு எனக்கு இன்னொரு கவலை. பெட்டியை அணைத்துப் போட்டால் மெமரி உண்மையிலேயே காலியாகிறதா? சிவதாணு அண்ணன் சிரித்தார், சோதித்தே பார்ப்போம் என்றார். மெமரியில் அவருடைய போட்டோ ஒன்றை நிரப்பினோம். குளிர்ந்தால் மெமரி மெதுவாகத்தான் அழியும் என்பதால் சிப்மேல் குளிரவைக்கும் ஸ்ப்ரேயை அடித்து, கரண்டைப் பிடுங்கி, டீ குடித்துவிட்டு வந்து திரும்ப மாட்டினோம். முகம் இருந்தது. சிரிப்புகூட இருந்தது. மறுபடி செய்தோம், இன்னும் கொஞ்சம் நேரம் விட்டு. இந்தமுறை கண் இருந்த இடத்தில் கோடு கோடாகக் கறுப்பு. அடுத்த முறை நெற்றியும் ஒரு கன்னமும் போயிருந்தன. வாய் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. பெட்டி திறக்கும் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக முழு மெமரியையும் அழிக்கும்படி அன்றைக்கே எழுதினேன். இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி என்றேன். அண்ணன் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. கன்னத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டார்.

"போதும் மக்கா, இனி உனக்க படத்தப் போடு."

கைநாடி

இது மற்றவை போலச் சிரித்துச் சொல்கிற விஷயமில்லை. ஊர்ப் பக்கம் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி. ஒரு வார்டு முழுவதிலுமுள்ள நோயாளிகளின் இதயத் துடிப்பை ஒரே ஸ்கிரீனில் காட்டுவது எங்கள் பெட்டி. துடிப்பு குறைந்தால் அலறும். வின்சென்ட் என்ற ஆட்டோ டிரைவர் நெஞ்சுவலியோடு வந்து படுத்திருந்தார். பட்டப்பகல். அவர் மனைவி மேபல் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். புருஷனின் கை சில்லென்று தணுத்திருப்பது அவளுக்குப் பட்டது. நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் ஸ்கிரீனைப் பார்த்தாள். பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கி நின்றது, எண்ணும் சரியாக இருந்தது. "நல்லா இருக்காரு சேச்சி" என்றாள். மேபல் விடவில்லை. நர்ஸ் வந்து கழுத்தில் விரல் வைத்தாள். அதற்கப்புறம் ஓட்டமும் சத்தமும்தான். நெஞ்சை அமுக்கி, கரண்ட் கொடுத்து, ஆளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் முழுக்க ஸ்கிரீனில் அந்தப் பச்சைக் கோடு அப்படியே நின்றதாம்.

நடந்தது இதுதான். யாரோ அதே பெட்டியில் ஆரோக்கிய வீடியோ காட்டும் புரோகிராம் ஒன்றையும் ஏற்றியிருக்கிறார்கள். மெமரி தீர்ந்துபோனது. மெமரி தீர்ந்தால் மெஷின் மொத்தமாக நின்றுபோகாமல் இருக்க, அதிகமாக மெமரி தின்னும் புரோகிராமைப் பார்த்து கெர்னல் கொன்றுவிடும். அது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். அன்று அதிகம் தின்றது, எல்லோருடைய துடிப்பையும் பிடித்து வைத்திருந்த எங்கள் புரோகிராம்தான். அது செத்தது; அது கடைசியாக வரைந்த கோடு மட்டும் ஸ்கிரீனில் தங்கிவிட்டது. மேபல் எங்களிடம் கோபத்தோடு பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டிவியில ஆளு உண்டு, கட்டில்ல ஆளு இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சிவதாணு அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

துடிப்புப் புரோகிராமைக் கெர்னல் எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாது என்று ஆக்கினேன். அதற்கான மெமரியைத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கிப் பூட்டினேன். அண்ணன் போர்டில் தனியாக ஒரு சிப் வைத்தார்: துடிப்புப் புரோகிராம் "நான் இருக்கிறேன்" என்று அடிக்கடி அதற்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஸ்கிரீனை இருட்டாக்கி, சைரனை அலறவிடும். சோதிக்கும் நாளில் வார்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொன்னோம், டாக்டரும் நர்ஸ்களும் கட்டிலுக்குக் கட்டில் நின்றார்கள். நான் வேண்டுமென்றே புரோகிராமைக் கொன்றேன். ஸ்கிரீன் கறுத்தது, சைரன் கத்தியது. சரியாக வேலை செய்தது. திரும்பிப் பார்த்தேன். படுத்திருந்த ஒவ்வொருவரும், சொல்லிவைத்ததுபோல, ஒரு கையால் மறுகையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரக் கட்டிலில் வின்சென்ட் தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எனக்கு உண்டு மேடம், உங்களுக்கு உண்டாண்ணு பாத்துக்கிடுங்க."

ஆக, செத்ததை முழுசாகச் சாகவிடுவதும் உயிரோடிருப்பதைத் தவறிக் கொன்றுவிடாமல் பார்ப்பதும்தான் என் உத்தியோகம் என்றாலும், கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஆக்கும்" என்று சொல்லிவிட்டு நேராகப் பந்திக்குப் போய்விடுகிறேன்.