பால் காய்ச்சிய அட்டை வீடு

பெருவிரல் அளவு மண்சட்டி அது. இப்போது ஆயர் குரோவில் அக்கா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, அடி கருகியபடியே. அங்கே போகும்போதெல்லாம் என் கண் முதலில் அதன்மேல்தான் விழும். எழுபதைத் தாண்டியும் வயிறு எரியத்தான் செய்கிறது, மறைப்பானேன்?

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, பெரியப்பா மகள். தாயும் தகப்பனும் போனபின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்கு ஆறு மாதம்தான் மூத்தவள். ஒரே வகுப்பு, ஒரே பாய். அப்பா வாயில் எப்போதும் "அவளைப் பாத்துக் கத்துக்கோ" தான். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குச் சோறு செரிக்காமல் போயிருக்கிறது.

நாடு சுதந்திரமாகி மெர்டேக்கா வந்த வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மின்விசிறி இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு மாதிரி செய்துவரச் சொன்னார் டீச்சர். உச்சி வெயிலில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரே அளவு ஐஸ் கட்டி வைப்பார்கள்; எது கடைசியாகக் கரைகிறதோ அதற்குப் பரிசு. ஜெயிக்கிற வீடு நம் கூடத்து அலமாரிமேல் நிற்கும் என்று அப்பா சொல்லிவிட்டார். பரிசு யாருக்கு வேண்டும்? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா "என் மக செஞ்சது" என்று என் வீட்டைக் காட்டவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

நான் பிஸ்கட் டின்னை வெட்டித் தகரக் கூரை போட்டு வெள்ளையடித்தேன். சுவரை இரட்டை அட்டையாக்கி நடுவில் தேங்காய் நார் அடைத்தேன். அக்கா மலாய்க்காரர் வீடுபோலக் கால் நட்டு, பக்கத்துக் கம்போங் செட்டியில் கூரை மாற்றிய வீட்டிலிருந்து பொறுக்கிவந்த அத்தாப்பு ஓலையை வேய்ந்தாள். முந்தின நாள் சோதித்ததில் என் ஐஸ்தான் நின்றது. அன்று நான் தரையில் நடக்கவில்லை.

கண்காட்சியன்று காலை அம்மா அந்த மண்சட்டியோடு வந்தாள். புதுவீடென்றால் பால் காய்ச்சாமல் எப்படி? அக்காவின் அட்டை வீட்டுக்குள் கற்பூரம் ஏற்றி, சட்டியில் இரண்டு சொட்டுப் பால் விட்டாள். பால் பொங்குமுன் ஓலை பற்றிக்கொண்டது. ஊதி அணைப்பதற்குள் கூரை உச்சியில் ஓட்டை. "ஐயையோ, பிள்ளை வீட்டை எரிச்சிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆனாலும் பொறுக்கவில்லை.

"எனக்கு ஏன்மா காய்ச்சல?"

"ஒனக்கெதுக்குடி?"

அக்கா அழவில்லை. ஓட்டையைச் சுற்றி நாலு ஈர்க்குச்சி நட்டு, சற்று உயரத்தில் ஒரு துண்டு ஓலையைத் தொப்பிபோலக் கட்டினாள். உள்ளே சேர்ந்த சூடெல்லாம் அந்த வழியாக வெளியேற, என் கட்டி தண்ணீரான பிறகும் அவள் கட்டி புளியங்கொட்டை அளவுக்குக் கிடந்தது. நெருப்புகூட அவள் பக்கம்தான்! அலமாரிமேல் அவள் வீடு ஏறியது. "என் பெரிய மக செஞ்சது" என்றார் அப்பா, வந்தவர்களிடமெல்லாம்.

போன தீபாவளிக்கு, ஏர்கான் உறுமும் அவள் கூடத்தில் சட்டியைக் கையிலெடுத்துக் கேட்டேவிட்டேன், அன்றைக்கு அம்மா எனக்கு ஏன் காய்ச்சவில்லை என்று.

"ஒனக்குத் தெரியாதா? 'அவளுக்கு இந்த வீடு இருக்கு, ஒனக்குச் சொந்தமா இதாம்மா மொத வீடு'ன்னு சித்தி எங்கிட்ட சொன்னாங்களே. அன்னிக்கு முழுக்க ஒம்மேல எனக்கு அவ்ளோ பொறாமை லா."

என்மேலா! இந்தச் சட்டியை எனக்குத் தந்துவிடேன் என்றேன்.

"அத மட்டும் கேக்காத" என்று என் கையிலிருந்து வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.