அந்தோணிசாமி கையெழுத்திட்ட மனு

காலையில் வரும் மொரப்பூர் பஸ் எங்கள் தபால் அலுவலகத்துக்கு எதிரே நிற்காது. அன்று நின்றது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "மாஸ்டரே, நம்ம அந்தோணி அண்ணன் போயிட்டாருங்க. விடியக்காலமே நெஞ்சு வலின்னாராம்" என்றார். பஸ்ஸில் இருந்த யாரும் நேரமாகிறது என்று குரல் கொடுக்கவில்லை. திறந்த அலுவலகத்தை மறுபடி பூட்டிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

உங்களில் பலர் கண்டக்டர் அந்தோணிசாமியிடம் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். வாங்கியவர்களுக்கு அவர் வாயும் தெரிந்திருக்கும். மொரப்பூரில் ரயிலை விட்டிறங்கி ஒகேனக்கல் போகிறவர்கள் அவரிடம் மாட்டினால் தொலைந்தார்கள். "அருவி எங்கயும் ஓடிப்போயிடாதுங்க. திரும்பி வர்றப்ப எங்கூர்ல எறங்குங்க. ஆயிரம் வருசமா ஒரு வீரன் ஒத்தையில நிக்கிறான், பாத்துட்டுப் போங்க" என்பார். பத்துப் பேரில் ஒருவர் இறங்குவார். அந்த ஒருவருக்காக அவர் விடுமுறை நாளிலும் பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பார். பிடித்துப்போனால் தீர்த்தமலை, சித்தேரி வரைக்கும் கூடவே போய்க் காட்டிவிட்டு வருவார்.

அந்த வீரன், மாதம்மாள் அக்காவின் கடலைக்காட்டு ஓரத்தில் நின்ற நடுகல். கையில் வில், தலைக்கு மேல் நாலு வரி வட்டெழுத்து. மாதம்மாள் வீட்டாருக்கு அது வேடியப்பன் சாமி. வருடத்துக்கு ஒருமுறை மஞ்சள் பூசி, எண்ணெய் வார்த்து, பொங்கல் வைப்பார்கள். அந்தோணி வேதக்காரர். ஆனாலும் பொங்கலுக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்வார். "எங்க கோயிலுக்கும் ஒங்க வேடியப்பனுக்கும் நடுவுல ஒரு வரப்புதானுங்க" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்களில் ஒருவன் சாவியால் கல்லின் மேல் தன் பெயரைக் கீறிவிட்டுப் போனான். எனக்கு ரத்தம் கொதித்தது. கல்லை எடுத்துப் போய்ப் பத்திரமாக வையுங்கள் என்று அன்றே அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினேன். அந்தோணி தயங்கினார். "சாமி கும்புடறவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பலாங்க மாஸ்டரே." கேட்டால் காரியம் நடக்காது என்றேன். என் வேலைக்கு வம்பு வரக்கூடாது என்று அடியில் அவர் பெயரை மட்டும் போடச் சொன்னதும் நான்தான். அவருக்கும் வேலை இருந்தது. என் முகத்துக்காக, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்களில் லாரி வந்தது. கயிறு கட்டிக் கல்லைத் தூக்கினார்கள். மனு கொடுத்தது யார் என்று ஊர் கேட்டது. லாரியில் வந்தவர்கள் அந்தோணியின் பெயரைச் சொன்னார்கள். மாதம்மாள் ஓடி வந்து அந்தோணியின் சட்டையைப் பிடித்தார். "கண்டக்டரே, எங்க பொங்கலத் தின்னுட்டு எங்க சாமியவே வண்டியேத்திட்டியே! உன்ன நல்லவன்னு நெனச்சனே!" அந்தோணி கைகூப்பி நின்றார். பக்கத்தில் நின்ற என் பக்கம் அவர் கண் கூடத் திரும்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கடுத்த பொங்கல் நாளில் அவர் மாதம்மாள் வாசலில் போய் நின்று, "சாமிக்கு லீவு கெடைக்கலீங்க. நாமதான் போய்ப் பாக்கணும், வாங்க" என்று கூப்பிட்டார். திட்டிக்கொண்டேதான் கிளம்பினார்கள். கல்லை வைத்திருந்த அருங்காட்சியகத்தில் கற்பூரம் கொளுத்த முடியாது. அதனால் வெளியே சாலையோரம் தேங்காய் உடைத்துவிட்டு, சுற்றிப் பார்க்க வந்தவர்களோடு வரிசையில் நின்று சாமி பார்த்தார்கள். பதினொரு வருடம் இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று வசவு வாங்கிய பிறகுதான் பயணம் தொடங்கும். ஒருமுறை தாங்காமல், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "எனக்குப் பழகிடுச்சுங்க. உங்களுக்குத் தாங்காது" என்றார். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு மாதம்மாளும் வந்திருந்தார். வேடியப்பன் நின்ற இடத்து மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து குழியில் போட்டார். "உன்ன வைஞ்சதெல்லாம் என்னோட போவட்டும் கண்டக்டரே" என்று அழுதார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஊரே நின்றது. நானும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு திரும்பினேன்.

மாதம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. எனவே இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்று அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டார்.

"நீதான் எழுதினன்னு அவருக்குத் தெரியும்தான?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சே எங்கிட்ட அத்தன பேச்சு வாங்கினாரா?" மாதம்மாள் வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்தார். "செத்தவருகிட்ட நான் எப்படிடா மன்னிப்புக் கேப்பேன்? அந்த வழியையும் அடச்சிட்டியே. எந்திரிச்சுப் போடா."

இத்தனை வருடத்தில் அவர் என்னை ஒருமுறை கூட மரியாதை குறைத்துப் பேசியதில்லை. எழுந்து வந்தேன். அந்தோணிசாமி எனக்கென்று எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் எனக்காக வாங்கிய வசவில் முதல் பங்கு நேற்றுதான் என் கைக்கு வந்திருக்கிறது. மிச்சத்தையும் போய் வாங்கிக்கொள்வேன்.